57 வயதுக் கிழவர்

போன மாதம் ஒரு கல்யாண வீட்டுக்காகக் கிளாஸ்கோ போயிருந்தேன். லண்டனுக்கு மாறி வந்து இருபது வருடத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் போனது இதுதான் முதல் தடவை. அடுத்த நாள் காலமை றெயினுக்கு நேரம் கிடந்தது. பழைய இடத்தை ஒருக்கால் பார்த்துவிட்டு வருவோம் என்று பஸ் ஏறினேன். போய்ப் பார்த்தால் அங்கே கட்டிடங்களே இல்லை!

ரெட் ரோட் என்று சொன்னால் அந்த நாட்களில் கிளாஸ்கோவுக்கு அனுப்பப்பட்ட எங்கட ஆட்களுக்குத் தெரியும். 1960களில் கட்டிய எட்டு மாடிக் கட்டிடங்கள். ஆக உயர்ந்தது 31 மாடி. 2012 இல் முதலாவதை வெடி வைத்து விழுத்தினார்கள். 2015 ஒக்ரோபரில் மிச்சம் இருந்த ஆறையும் ஒரே நாளில் விழுத்த வெளிக்கிட்டு, அதில் இரண்டு முழுசாக விழாமல் அரைகுறையில் நின்றன. அதைச் செய்தியில் பார்த்து அப்போது சிரித்தேன். ஆனால் போன மாதம் அந்த வெறும் நிலத்தில் நின்றபோது சிரிப்பு வரவில்லை. ஒரு மனிசனின் ஞாபகம்தான் வந்தது. எனக்குப் பக்கத்து வீட்டில் இருந்தவர்.

இங்கிலாந்தில் 1999 இல் ஒரு குடிவரவுச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதன்படி 2000 ஏப்ரல் தொடக்கம், அகதித் தஞ்சம் கேட்டு வருபவர்களை லண்டனில் வைத்திருக்காமல் நாடு முழுக்கப் பிரித்து அனுப்பினார்கள். காசுக்குப் பதிலாகப் பெரும்பாலும் வவுச்சர். அப்படி அனுப்பப்பட்டவர்களில் நானும் ஒருவன். அப்போது எனக்கு 31 வயது. கிளாஸ்கோ எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

முதல் குளிர்காலத்தில் ஒரு பின்னேரம் கதவைத் தட்டி, ஒரு பழைய மின்சார ஹீற்றரைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார் பக்கத்து வீட்டுக்காரர். அவர் கதைத்த இங்கிலீசில் பாதி எனக்கு விளங்கவில்லை. "எனக்குத் தேவையில்லை மகன், நீ வைத்துக்கொள்" என்று சொன்னார் என்று பிறகு ஊகித்துக்கொண்டேன். கப்பல் கட்டும் யார்ட்டில் வெல்டராக இருந்தவர். யார்ட் மூடி இருபது வருடம். அதற்குப் பிறகு நிரந்தர வேலை எதுவும் கிடைக்கவில்லையாம். நெஞ்சு எப்போதும் இழுத்துக்கொண்டிருக்கும். லிஃப்ற்றில் இருந்து வீட்டுக் கதவுக்கு வருவதற்குள் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்குவார். எழுபது, எழுபத்திரண்டு வயது இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

2003 மாசி மாதம் செத்துப்போனார். செத்த வீட்டில் தந்த மட்டையில் பிறந்த வருடம் 1945 என்று இருந்தது. திரும்பத் திரும்பக் கணக்குப் பார்த்தேன். 57 வயது!

அந்த நேரம் ஊரில் என்ர ஐயாவுக்கு 72. 1995 இல் வலிகாமத்தில் இருந்து சனத்தோடு சனமாகத் தென்மராட்சிக்கு இரவிரவாக நடந்தவர். செல்லடிக்குள், மருந்துத் தட்டுப்பாட்டுக்குள் வாழ்ந்தவர். அவர் 2003 இல் சைக்கிளில் சந்தைக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு வருகிறார். குண்டு விழாத, டொக்டருக்குக் காசு கட்டத் தேவையில்லாத, உலகத்திலேயே பணக்கார நாடுகளில் ஒன்றில் பிறந்த மனிசன் 57 இல் போய்விட்டார். ஏன்?

"குடியும் சிகரெட்டும்தான், வேறென்ன" என்றார்கள் எங்கட பெடியள். நானும் அப்போது அப்படித்தான் நினைத்தேன். அது முழு உண்மை இல்லை என்று விளங்க எனக்குக் கனகாலம் எடுத்தது. லண்டனுக்கு வந்த பிறகு வேலையால் வந்து நேரம் கிடைக்கும்போதெல்லாம் நூலகத்தில் வாசித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்தக் கதை 1842 இல் தொடங்குகிறது. எட்வின் சட்விக் என்று ஒரு அதிகாரி, பிரித்தானியத் தொழிலாளர்கள் வாழும் இடங்களின் சுகாதாரம் பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டார். எந்த ஊரில், எந்த வகுப்பு மனிதர் சராசரியாக எத்தனை வயதில் சாகிறார் என்று அதில் ஒரு கணக்கு. ரட்லண்ட் என்ற நாட்டுப்புற மாவட்டத்தில் கனவான் குடும்பங்களுக்கு 52, கூலித் தொழிலாளர் குடும்பங்களுக்கு 38. மான்செஸ்ரரில் கனவான்களுக்கு 38, தொழிலாளருக்கு 17. லிவர்பூலில் கனவான்களுக்கு 35, தொழிலாளருக்கு 15.

15, 17 என்றால் எல்லோரும் அந்த வயதில் செத்தார்கள் என்று அர்த்தமில்லை. ஐந்து வயதைத் தாண்டாமல் செத்த குழந்தைகள் அவ்வளவு அதிகம். அது சராசரியை இழுத்துவிடுகிறது. ஆனாலும் அந்த எண்களை ஒருக்கால் வடிவாகப் பாருங்கள். மான்செஸ்ரரின் கனவானுக்கும் ரட்லண்டின் கூலிக்காரனுக்கும் ஒரே எண், 38! மாளிகையில் இருந்தாலும், புகையும் கழிவும் நிறைந்த நகரத்தில் இருந்தால் நாட்டுப்புறத்துக் கூலியின் சராசரிதான். அந்தக் காலத்தில் ஊர் எல்லோரையும் அடித்தது. ஏழையைக் கூட அடித்தது, பணக்காரனையும் விடவில்லை.

என்ர அபிப்பிராயத்தில், அதனால்தான் வேலை நடந்தது. கொலரா 1831 இல் சண்டர்லாண்ட் துறைமுகம் வழியாக வந்து நாடு முழுக்கப் பரவியது. அது ஆள் பார்த்துத் தொற்றவில்லை. 1848 இல் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. ஆயிரம் பேருக்கு 23 பேருக்கு மேல் வருடத்தில் சாகும் ஊர்களில் அரசாங்கம் தலையிட்டுச் சுகாதாரச் சபை அமைக்கலாம் என்றது அந்தச் சட்டம். 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறி, பாராளுமன்றத்துக்குள் இருக்க முடியாமல் போனபோது, லண்டனின் கழிவுக் குழாய்களுக்கான சட்டம் மூன்று கிழமைக்குள் நிறைவேறியது. நாற்றம் மூக்குக்கு வந்தவுடன் எவ்வளவு வேகம்! கிளாஸ்கோவிலும் 1859 இல் லொக் கற்றின் ஏரியில் இருந்து நகரத்துக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தார்கள். விக்ரோறியா மகாராணியே வந்து திறந்து வைத்தார். அதற்கு முன்பு ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொண்டுபோன கொலரா, 1866 இல் வந்தபோது கிளாஸ்கோவில் மிகச் சிலரையே கொண்டுபோனது.

தண்ணீரும் குழாயும் வந்தன, தடுப்பூசி வந்தது. 1948 யூலை 5 இல் தேசிய சுகாதார சேவையும் வந்தது. அதைக் கொண்டுவந்த அனைரின் பெவன், வேல்ஸில் ரெடெகர் என்ற சுரங்க ஊரைச் சேர்ந்தவர். தானும் சின்ன வயதில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். அந்த ஊர்த் தொழிலாளர்கள் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நடத்திய வைத்தியச் சங்கத்தைத்தான் நாடு முழுக்க விரிக்கப்போகிறேன் என்ற எண்ணம் அவருக்கு. இனி ஏழை, பணக்காரன் என்ற வித்தியாசம் சாவில் குறைந்துவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள்.

குறையவில்லை. வேல்ஸில் இன்னொரு சுரங்க ஊரில் வைத்தியம் பார்த்த ஜூலியன் ரியூடர் ஹார்ட் என்ற டொக்டர், 1971 இல் ஒரு கட்டுரை எழுதினார். வருத்தம் எங்கே அதிகமோ அங்கே நல்ல வைத்தியம் குறைவாகவும், வருத்தம் எங்கே குறைவோ அங்கே நல்ல வைத்தியம் தாராளமாகவும் கிடைக்கிறது என்பதுதான் அதன் சாரம். மருத்துவ உலகத்தில் இன்றைக்கும் அதை ஒரு விதியாகவே சொல்கிறார்கள். டொக்டருக்குக் காசு கட்டத் தேவையில்லைத்தான். ஆனால் டொக்டர் எந்த ஊரில் இருக்க விரும்புகிறார் என்பதும் ஒரு கேள்விதானே. 1976 இல்தான், எந்தப் பிராந்தியத்தில் சாவும் தேவையும் அதிகமோ அந்தப் பிராந்தியத்துக்கு அதற்கேற்றபடி பணம் என்று இங்கிலாந்தில் ஒரு பங்கீட்டுக் கணக்குப் போட்டார்கள்.

அடுத்த வருடம், அதாவது 1977 இல், சேர் டக்ளஸ் பிளக் என்ற வைத்தியரின் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். அறிக்கை தயாராவதற்குள் ஆட்சி மாறிவிட்டது. 1980 ஓகஸ்ட் மாதம், வங்கி விடுமுறை வந்த வார இறுதியோடு, வெறும் 260 பிரதிகள் மட்டும் வெளியிட்டார்கள். அச்சடித்த புத்தகம்கூட இல்லை, தட்டச்சுப் பிரதி. முன்னுரையில் அமைச்சரே, இதில் சொன்னவற்றைச் செய்யப் பணம் இல்லை என்ற தொனியில் எழுதிவிட்டார். அப்படி ஒளிக்க அதில் என்ன இருந்தது? ஆக அடிமட்ட வேலை வகுப்பில் இருப்பவர், ஓய்வூதிய வயதுக்கு முன்பே சாகும் சாத்தியம் ஆக மேல் வகுப்பில் இருப்பவரை விட இரண்டரை மடங்கு. சுகாதார சேவை தொடங்கி முப்பது வருடத்துக்குப் பிறகும் அந்த இடைவெளி சுருங்கவில்லை. காரணம் ஆஸ்பத்திரியில் மட்டும் இல்லை. வருமானம், வீடு, வேலை, பிள்ளைகளின் சாப்பாடு. இதுதான் அந்த அறிக்கை சொன்னது.

1980 இல் என்ர பக்கத்து வீட்டுக்காரருக்கு 35 வயது. இரண்டு, மூன்று வருடத்தில் அவரது யார்ட் மூடப்பட்டது.

சரி, "குடியும் சிகரெட்டும்" விஷயத்துக்கு வருவோம். 1967 இல் லண்டனில் 18,000 ஆண் அரசாங்க உத்தியோகத்தர்களை வைத்து ஒரு ஆய்வு தொடங்கினார்கள். வைற்ஹோல் ஆய்வு என்று பெயர். எல்லோரும் ஒரே நகரம், நிரந்தர வேலை, ஒருவரும் பட்டினி இல்லை. அப்படியிருந்தும் ஆகக் கீழ்த் தரத்தில் இருந்தவர்கள் இருதய வருத்தத்தால் சாவது, ஆக மேல் தரத்தில் இருந்தவர்களை விட மூன்று மடங்குக்கு மேல். கீழே இருப்பவர்கள் கூடச் சிகரெட் பிடித்தார்கள் என்பது உண்மை. ஆனால் அதையும் இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் கழித்துப் பார்த்தாலும் வித்தியாசத்தின் ஒரு பகுதியைத்தான் விளக்க முடிந்தது. மிச்சம்? தன் வேலையில், தன் வாழ்க்கையில் தனக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்பதும் உடம்பைத் தின்கிறது என்று அந்த ஆய்வுகளை நடத்திய மைக்கல் மார்மற் பிறகு எழுதினார்.

இனிக் கிளாஸ்கோ. 2008 இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆணைக்குழு அறிக்கை ஒன்று வந்தது. கிளாஸ்கோவின் கோல்ற்றன் பகுதியில் பிறக்கும் ஆண் குழந்தையின் ஆயுள் எதிர்பார்ப்பு 54. சில மைல் தள்ளி இருக்கும் லென்ஸியில் 82. இடையில் 28 வருடம்! கோல்ற்றனில் வீடற்றவர்களின் விடுதிகள் நிறைய இருந்தன, அதனால்தான் அந்த எண் அவ்வளவு கீழே போனது என்று சிலர் சொன்னார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வீடற்ற மனிதர்களும் மனிதர்கள்தானே. அவர்களைக் கழித்துவிட்டு யாருக்காகக் கணக்குப் பார்ப்பது?

2010 இல் வந்த இன்னொரு ஆய்வு என்னை உலுக்கியது. கிளாஸ்கோ, லிவர்பூல், மான்செஸ்ரர் மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு வறுமை உள்ள நகரங்கள். மூன்றும் தொழிற்சாலைகள் செத்த நகரங்கள். ஆனால் 65 வயதுக்கு முன் சாகும் வீதம் மற்ற இரண்டையும் விடக் கிளாஸ்கோவில் 30 வீதம் அதிகம். ஒரே வறுமை, வேறு வேறு சாவு. இதற்கு விளக்கம் தேடி 2016 இல் ஒரு நீண்ட அறிக்கை வந்தது. அதில் சொன்ன காரணங்கள் முக்கியமாகச் சரித்திரம். ஒரு காலத்தில் உலகக் கப்பல்களில் ஐந்தில் ஒன்றைக் கட்டிய நகரம் அது. அதற்காக வந்த தொழிலாளரை நெருக்கி நெருக்கி அடைத்து வைத்தார்கள். பிறகு, 1950களில் இருந்து, அரசாங்கம் வேலைத் திறமை உள்ள இளம் குடும்பங்களைத் தெரிந்தெடுத்து ஈஸ்ற் கில்பிரைட், கம்பர்னோல்ட் போன்ற புது நகரங்களுக்கு அனுப்பியது. புதுத் தொழிற்சாலைகளும் அங்கேதான் போயின. மிஞ்சியவர்களை நகரத்தின் விளிம்பில் உயர்ந்த மாடிகளிலும் பெரிய குடியிருப்புகளிலும் கொண்டுபோய் வைத்தார்கள். திருத்த வேலைக்குக் காசு போதவில்லை. அதற்கு மேலே 1980களின் வேலையில்லாத் திண்டாட்டம் வந்து விழுந்தபோது, தாங்கிக்கொள்ள அங்கே பலம் மிஞ்சவில்லை.

இதை வாசித்தபோதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. எங்களை ஏன் கிளாஸ்கோவுக்கு அனுப்பினார்கள்? அங்கே வீடுகள் காலியாகக் கிடந்தன. ஏன் காலியாகக் கிடந்தன? 11 லட்சம் அளவில் சனம் இருந்த நகரம், 2001 இல் 6 லட்சத்துக்கும் குறைவு. போகக்கூடியவர்கள் போய்விட்டார்கள். எனக்குக் கூரை கிடைத்த காரணமும், பக்கத்து வீட்டுக்காரர் 57 இல் செத்த காரணமும் ஒன்றேதான்.

சரி, லண்டனில் மட்டும் வித்தியாசம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஜூபிலி லைன் றெயினில் வெஸ்ற்மினிஸ்ரரில் இருந்து கிழக்கே கனிங் ரவுண் வரைக்கும் எட்டு நிறுத்தம். ஏறக்குறைய ஒரு நிறுத்தத்துக்கு ஒரு வருடம் ஆயுள் குறைகிறது என்று 2000களில் கணக்குக் காட்டினார்கள். 2010 இல் மார்மற் தலைமையில் வந்த அறிக்கை, இங்கிலாந்தின் ஆக வறிய பகுதிக்கும் ஆக வசதியான பகுதிக்கும் ஆயுளில் சராசரியாக 7 வருட வித்தியாசம் என்றது. உடல் இயலாமை இல்லாமல் வாழும் வருடங்களில் வித்தியாசம் 17.

2020 இல் அதே மார்மற் திரும்பவும் கணக்குப் பார்த்தார். பத்து வருடத்தில் ஆயுள் கூடுவது ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. ஆக வறிய பகுதிகளின் பெண்களுக்கு ஆயுள் குறைந்தே விட்டது. அதைவிட முக்கியமான ஒன்றும் அதில் இருந்தது. வசதியான பகுதிகளை எடுத்தால், லண்டனில் இருந்தாலும் வட கிழக்கில் இருந்தாலும் ஆயுளில் பெரிய வித்தியாசம் இல்லை. வறிய பகுதிகளை எடுத்தால்தான் பிராந்திய வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது. லண்டனின் ஏழையை விட வடக்கின் ஏழை முந்திச் சாகிறார்.

சுருக்கமாகச் சொன்னால், பணக்காரனுக்கு எந்த ஊரும் ஒன்றுதான். ஏழைக்குத்தான் ஊர் முக்கியம்.

இதை 1842 ஓடு வைத்துப் பாருங்கள். அன்றைக்கு மான்செஸ்ரரின் கெட்ட காற்று மாளிகைக்குள்ளும் வந்தது. அதனால் குழாய் போட்டார்கள். இன்றைக்கு ஊரின் கேடு ஏழை வீட்டோடு நின்றுவிடுகிறது. அதனால் ஒருவருக்கும் அவசரமில்லை. 2020 இல் கொரோனா வந்தபோது அது எல்லோர் கதவையும் தட்டியது. சில கிழமைக்குள் நாட்டையே பூட்டினார்கள், பணம் எங்கிருந்தோ வந்தது. அதிலும்கூட இங்கிலாந்தின் ஆக வறிய பகுதிகளில் சாவு வீதம் ஆக வசதியான பகுதிகளை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு.

ஒன்றும் செய்ய முடியாது என்று விட்டுவிடக் கூடாது. 1999 இல் இருந்து 2010 வரை இங்கிலாந்தில் இந்த இடைவெளியைக் குறைப்பதற்கென்றே ஒரு திட்டம் நடந்தது. வறிய பகுதிகளுக்குச் சுகாதாரப் பணம் கூடக் கொடுத்தார்கள், குழந்தைகளின் வறுமையைக் குறைக்கப் பார்த்தார்கள். அந்த வருடங்களில் இடைவெளி உண்மையாகவே சுருங்கியது என்று 2017 இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. திட்டத்தை விட்ட பிறகு திரும்பவும் விரிந்தது. செய்தால் நடக்கும், விட்டால் போகும். அவ்வளவுதான்.

எங்கட நாட்டுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. வறிய நாடாக இருந்தும் சனத்தின் சுகாதாரத்தில் முன்னுக்கு நிற்கிறது என்று இலங்கையை உலகம் புகழ்ந்த காலம் உண்டு. அது பொய்யில்லை, ஐயாவின் 72 வயதுக்கும் சைக்கிளுக்கும் அந்த இலவச ஆஸ்பத்திரிகளுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் 2006-07 இல் எடுத்த குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில் வட மாகாணமே சேர்க்கப்படவில்லை. சண்டை, போக முடியாது என்றார்கள். மலையகத் தோட்டங்களின் தாய்மாரும் பிள்ளைகளும் நாட்டின் சராசரிக்குள் மறைந்துபோனார்கள். சராசரி என்பது அப்படித்தான். உள்ளே யார் இருக்கிறார், யார் வெளியே என்று அது சொல்லாது.

லண்டனில் எங்கட ஆட்களோடு கதைத்தால் "எங்கட சனத்துக்குச் சலரோகம் பரம்பரை" என்கிறார்கள். பரம்பரையும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. தெற்காசியருக்கு அது கூடவும் வருகிறது, இள வயதிலும் வருகிறது. ஆனால் பகலில் ஒரு வேலை, இரவில் பெற்றோல் செற்றில் இன்னொரு வேலை, பஸ்சுக்குள் நித்திரை, நேரம் தப்பின சாப்பாடு என்று இருபது வருடம் ஓடிய உடம்புக்குப் பரம்பரையை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "குடியும் சிகரெட்டும்" என்று அந்த மனிசனைப் பற்றி நாங்கள் சொன்னதும் இதே மாதிரித்தானே.

இப்போது எனக்கும் 57 கிட்டுகிறது. போன கிழமை பிரஷர் பார்த்த தாதி, "உங்கள் வயதுக்குப் பரவாயில்லை" என்றார். அவருக்கு அந்த ஹீற்றரைப் பற்றிச் சொல்லவில்லை. லண்டனுக்கு வரும்போது அதைப் பிறகு வந்த ஒரு எரித்திரியப் பெடியனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். எனக்குத் தேவையில்லை, நீ வைத்துக்கொள் என்றுதான் நானும் சொன்னேன்.

ரெட் ரோட்டில் இருந்த ஆட்கள் யாராவது இதை வாசித்தால் ஒரு வரி எழுதுங்கள்.